கான்ஹேரி அருவியும் நாம் பெற்ற ஞாயிற்றுக்கிழமையும்

அருவி என்ற சொல்லைக் கேட்ட அளவிலேயே நம் மாட்டுங்கா லேபர் கேம்ப் மக்களின் உள்ளம் குற்றாலத்திற்குப் பறந்து செல்வது இயல்பு. நம்முள் பெரும்பாலோர் நெல்லைச் சீமையை வேராகக் கொண்டவர்கள். திரிகூடராசப்பக் கவிராயர் குறவஞ்சி பாடிய மலை அது. கூத்தப் பெருமானின் ஐந்து சபைகளுள் ஒன்றாகிய சித்திர சபை அமைந்த தலமும் அதுவே. ஆனியும் ஆடியும் பிறந்துவிட்டால், "இந்நேரம் சாரல் விழுந்திருக்கும்" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் பெருமூச்சு விடுவதைக் கேளாத பிள்ளைகள் நம் குடியிருப்பில் இரார்.

அப்பெருமூச்சில் பிழை ஏதுமில்லை. பிறந்த மண்ணின் நீரை மறவாதிருத்தல் பண்புடைமையே ஆகும். ஆயின், நாம் பிழைக்க வந்த இம்மாநகரத்தின் எல்லைக்குள்ளேயே ஒரு காடும், அக்காட்டினுள் ஒரு மலையும், அம்மலையில் மழைக்காலந்தோறும் ஒலித்து விழும் அருவிகளும் உள்ளன. காலையில் புறப்பட்டு மாலையில் வீடு திரும்பத்தக்க தொலைவில்தான் அவை உள்ளன. குழந்தைகளும் முதியோரும் ஏறத்தக்க எளிய வழியே அங்கு செல்கிறது. போரிவிலிக்குக் கிழக்கேயுள்ள கான்ஹேரி மலையையே நாம் குறிப்பிடுகிறோம். அங்கே ஒரு நாள் சென்று வருவதென்பது வெறும் பொழுதுபோக்கு அன்று என்பதையும், அந்த ஒரு நாளுக்குப் பின்னால் ஈராயிரம் ஆண்டு வரலாறும் நம்மைப் போன்ற உழைப்பாளரின் போராட்டமும் உள்ளன என்பதையும் எடுத்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு நாள் ஓய்வு வந்த வரலாறு

காட்டுக்குச் செல்ல வேண்டுமாயின் முதலில் ஓய்வு நாள் ஒன்று வேண்டும். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை என்பது கதிரவனும் திங்களும் போல என்றும் இருந்து வரும் ஒன்று என நம் பிள்ளைகள் எண்ணக்கூடும். உண்மை அதுவன்று.

1854-ஆம் ஆண்டில் பம்பாயில் முதல் பருத்தி நூற்பாலை நிறுவப்பட்டது. அதனைத் தொடர்ந்து ஆலைகள் பெருகின. அவற்றில் உழைத்தோர் விடியற்காலை உள்ளே சென்றால் அந்தி மயங்கிய பின்னரே வெளியே வந்தனர். வாரத்திற்கு ஒரு நாள் உறுதியாக ஓய்வு என்ற முறையே அந்நாளில் இல்லை. பண்டிகைகளை ஒட்டிச் சில விடுமுறைகள் கிடைத்தன, அவ்வளவே. 1881-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் குழந்தைத் தொழிலாளரின் வேலை நேரத்தை மட்டுமே ஒருவாறு வரையறுத்தது. அச்சட்டம் ஏழு வயதுக் குழந்தையையும் ஆலைக்குள் அனுமதித்தது என்றால், அக்காலத்தின் கொடுமையை நாம் ஊகித்துக் கொள்ளலாம்.

இந்நிலையில் நாராயண் மேகாஜி லோகாண்டே என்னும் பெருந்தகை தோன்றினார். இவர் மகாத்மா ஜோதிராவ் புலேயின் சத்திய சோதக் சமாஜத்தைச் சார்ந்தவர். 'தீனபந்து' இதழை நடத்தியவர். 1884-இல் இவர் ஆலைத் தொழிலாளரைத் திரட்டிப் பம்பாய் ஆலைத் தொழிலாளர் சங்கத்தை நிறுவி, வாரம் ஒரு நாள் ஓய்வு வேண்டுமென்று கோரினார். கோரிக்கை எளிதில் நிறைவேறவில்லை. ஆண்டுகள் ஆறு கடந்தன. 1890 ஏப்ரலில் ஏறத்தாழப் பதினாயிரம் தொழிலாளர் கூடிய மாபெரும் கூட்டத்தில் பெண் தொழிலாளர் இருவர் எழுந்து பேசினர் என்று வரலாறு கூறுகிறது. பெண்கள் பொதுமேடை ஏறுவதே அரிதாக இருந்த காலத்தில் நிகழ்ந்தது இது. அவ்வாண்டு ஜூன் 10-ஆம் நாள் ஆலை முதலாளிகள் ஞாயிற்றுக்கிழமை விடுமுறைக்கு இசைந்தனர். அடுத்த ஆண்டின் சட்டம் வார விடுமுறையை உறுதி செய்தது. வாரத்திற்கு 48 மணி நேர வேலை என்ற வரம்பு 1946-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தினால்தான் வந்தது.

நம் முன்னோர் தோல் பதனிடும் தொழிலுக்காக நெல்லையிலிருந்து தாராவிக்கு வரத் தொடங்கியதும் ஏறத்தாழ அதே காலந்தான். ஆகவே, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நாம் கட்டுச்சோற்றை எடுத்துக்கொண்டு பிள்ளைகளுடன் இரயில் ஏறும்போது, நம் கையிலிருக்கும் பயணச்சீட்டு நாம் காசு கொடுத்து வாங்கியது. நம் கையிலிருக்கும் அந்த நாளோ பிறர் போராடி நமக்குப் பெற்றுத் தந்தது. இதனை நம் பிள்ளைகள் அறிந்திருத்தல் வேண்டும்.

காட்டு வழி

மாட்டுங்கா ரோடு அல்லது மாஹிம் நிலையத்தில் நிதான வண்டி ஏறினால் போரிவிலி சென்று சேரலாம். நிலையத்திற்குக் கிழக்கே சிறிது தொலைவில் தேசியப் பூங்காவின் வாயில் உள்ளது. இன்று சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா என வழங்கும் இக்காடு ஏறத்தாழ 104 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. முன்னாளில் கிருஷ்ணகிரி தேசியப் பூங்கா என்ற பெயரில் சிறு பரப்பாக இருந்த இது, பின்னர் விரிவாக்கப்பட்டுப் போரிவிலி தேசியப் பூங்கா எனவும், அதன் பின்னர் இப்போதைய பெயராலும் வழங்கலாயிற்று. இத்துணை மக்கள் நெருங்கி வாழும் ஒரு மாநகரத்தின் நடுவே சிறுத்தைகள் உலவும் காடு ஒன்று நிலைத்திருப்பது உலகில் மிக அரிய காட்சியாகும். வார்லி முதலிய பழங்குடி மக்களின் பாடிகளும் இதனுள் தொன்றுதொட்டு உள்ளன. காட்டை முதலில் அறிந்தவர்களும் காத்தவர்களும் அவர்களே.

வாயிலிலிருந்து குகைகள் வரை சுமார் ஆறு கிலோமீட்டர் நல்ல பாதை செல்கிறது. பேருந்தும் உண்டு, நடப்போர்க்கு நடையே இன்பம். மூங்கிற் புதர்களும், தேக்கும், இலவும், கடம்பும், செந்தீப் போல் பூக்கும் புரசும் வழி நெடுகிலும் காணலாம். எட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டுமே திரளாகப் பூக்கும் கார்வி என்னும் செடி இம்மலைச் சரிவுகளில் வளர்கிறது. நம் தமிழ் இலக்கியம் போற்றும் குறிஞ்சிக்கு இது நெருங்கிய உறவு. 2016-ஆம் ஆண்டில் இது பூத்தபோது இம்மலைகள் ஊதா நிறம் போர்த்தன.

குற்றாலத்திற்கும் கான்ஹேரிக்கும் வேறோர் உறவும் உண்டு. அங்கே சாரலைத் தூவுவதும் தென்மேற்குப் பருவக்காற்று. இங்கே ஜூன் முதல் செப்டம்பர் வரை பாறைகளின் மீது நீரை வழியவிடுவதும் அதே காற்று. கடல் கடந்து வரும் ஒரே காற்று தெற்கே பொதிகை வட்டாரத்திலும் வடக்கே இக்குன்றுகளிலும் மோதி நீராகிறது. ஊரை விட்டு வந்தோம் என்று வருந்தும் நம்மை ஊரின் மழை தேடி வந்து நனைக்கிறது என்று சொன்னாலும் அது மிகையாகாது.

பாறையில் நீர் சேர்த்தவர்கள்

கான்ஹேரி என்னும் பெயர் கிருஷ்ணகிரி என்பதன் திரிபு. கருமலை என்று தமிழில் சொல்லலாம். பெயருக்கேற்பவே அம்மலை கரிய எரிமலைப் பாறையாலானது. மழைக்காலத்தில் இரு சரிவுகளுக்கிடையே ஓடை பெருக்கெடுத்துப் படிப்படியாகப் பாறைகளின் மேல் விழுந்து ஓடும். மக்கள் திரளாக வந்து காண்பது இவ்வருவிகளையே. குற்றாலத்துப் பேரருவி போல் உயர்ந்து நின்று இரைவது இல்லை. சிறுவர்கள் அருகே நின்று மகிழத்தக்க சிற்றருவிகளே இவை.

இவ்வருவிகளின் இருமருங்கும் பாறையைக் குடைந்து அமைத்த நூற்றுக்கு மேற்பட்ட பௌத்தக் குகைகள் உள்ளன. கிறித்து பிறந்த காலத்தை ஒட்டித் தொடங்கி ஏறத்தாழப் பத்தாம் நூற்றாண்டு வரை துறவிகள் இங்கே வாழ்ந்தனர். தூண்கள் நிறைந்த பெரிய வழிபாட்டு மண்டபமும் அதன் முகப்பில் நிற்கும் ஓங்கிய புத்தர் திருவுருவங்களும் காண்போர் நெஞ்சை ஈர்ப்பன. அம்மண்டபம் சாதவாகன அரசர் காலத்தது. ஒன்பதாம் நூற்றாண்டில் இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்திலும் இங்கே கொடைகள் வழங்கப்பட்டதைக் கல்வெட்டுகள் கூறுகின்றன.

சிற்பங்களைக் கண்டு வியப்போர் பலர். ஆயின், நாம் கண்டு வியக்க வேண்டியது மற்றொன்று உண்டு. ஒவ்வொரு குகையின் முன்னும் பாறையில் குடைந்த நீர்த்தொட்டி இருப்பதைப் பாருங்கள். மேலே விழும் மழைநீர் வீணே ஓடிவிடாதவாறு பாறையில் சிறு வாய்க்கால்கள் வெட்டித் தொட்டிகளில் சேர்த்திருக்கிறார்கள். நான்கு மாத மழையைப் பன்னிரண்டு மாதமும் பருகும் வித்தையை அவர்கள் கற்றிருந்தனர். அத்தொட்டிகளை அமைக்கப் பொருள் கொடுத்தோர் யாவர்? மன்னர் மட்டும் அல்லர். கல்யாண், சோபாரா முதலிய ஊர்களின் வணிகரும், கைத்தொழில் செய்தோரும் கொடுத்தனர். கல்யாணைச் சேர்ந்த சாமிதத்தன் என்னும் பொற்கொல்லன் ஒரு நீர்த்தொட்டியைத் தானமாக அளித்தான் என்று கல்வெட்டு ஒன்று சொல்கிறது. பட்டறையில் அமர்ந்து உழைத்த ஒருவனின் பெயரை ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளாக அப்பாறை சுமந்து நிற்கிறது. மாடமாளிகை கட்டியதற்காக அன்று; பிறர் தாகம் தீர்த்ததற்காக!

கல்யாணும் சோபாராவும் அந்நாளில் புகழ்பெற்ற துறைமுகங்கள். கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிவைத்த செங்கடற் பயண நூல் இவ்விரண்டையும் குறிப்பிடுகிறது. அதே நூல் நம் முசிறியையும் குமரியையும் குறிப்பிடுகிறது. ஆகவே, இக்கடற்கரைக்கும் தமிழகத்திற்கும் உள்ள தொடர்பு நம் தாத்தா இரயில் ஏறிய நாளில் தொடங்கியதன்று என்பது தெளிவு.

ஒரு நாள் வந்து பார்த்துவிட்டுச் செல்வோரும் இம்மலைக்குப் புதியவர் அல்லர். குகையொன்றில் பஹ்லவி எழுத்தில் பொறித்த குறிப்புகள் உள்ளன. பாரசீகத்து நெறியினராகிய பார்சிகள் 1009-ஆம் ஆண்டிலும் 1021-ஆம் ஆண்டிலும் இங்கு வந்து தத்தம் பெயர்களைப் பொறித்துச் சென்றனர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வேறு மண்ணில் வேர்கொண்ட மக்கள் இம்மலையைக் காண வந்தனர் என்பதை எண்ணும்போது, வேற்றூர்க்காரர் என்ற தயக்கம் நமக்கு வேண்டுவதில்லை. ஆனால் அவர்கள் செய்ததுபோல் பாறையில் பெயர் பொறிக்க இன்று எவருக்கும் உரிமை இல்லை. அது சட்டப்படி குற்றம் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்போமாக.

குளங்கள் வற்றிய நகரம்

இனி மலையின் மறுபுறம் நோக்குவோம். கான்ஹேரிக்கு அப்பால், அதே காட்டினுள், துளசி, விஹார் என்னும் இரு ஏரிகள் உள்ளன. பொதுமக்கள் எளிதில் செல்ல இயலாதவாறு காவல் உள்ள ஏரிகள் அவை. அதற்குக் காரணம் உண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பம்பாய் மக்கள் கிணறுகளையும் குளங்களையுமே நம்பி வாழ்ந்தனர். தோபி தலாவ், சி.பி. டாங்க், கோவாலியா டாங்க் என்று இன்றும் வழங்கும் இடங்கள் எல்லாம் ஒரு காலத்தில் நீர் நிறைந்த குளங்களே. இன்று குளங்கள் இல்லை; பெயர்கள் மட்டும் எஞ்சின. 1850-களில் மழை பொய்த்தபோது அவை வற்றின. நகரம் நீருக்குத் தவித்தது. அத்தவிப்பின் பயனாகத்தான் மித்தி ஆற்றின் தலைப்பகுதியில் அணை கட்டப்பட்டு, 1860-இல் விஹார் ஏரியின் நீர் குழாய் வழியே நகரத்தை அடைந்தது. அதுவே பம்பாயின் முதல் குழாய்நீர். 1879-இல் துளசி ஏரி முற்றுப்பெற்றது. பின்னர் 1892-இல் தான்சாவும், இருபதாம் நூற்றாண்டில் வைதர்ணாவும் பாட்சாவும் சேர்ந்தன. இன்று ஏழு ஏரிகள் இம்மாநகரின் தாகத்தைத் தீர்க்கின்றன. அவற்றுள் விஹாரும் துளசியும் தரும் பங்கு இப்போது சிறியதே. எனினும் முதலில் கை கொடுத்தவை அவையே.

பொற்கொல்லன் சாமிதத்தன் பாறையில் வெட்டுவித்த தொட்டியும், ஆங்கிலேய அரசு கட்டிய அணையும் அடிப்படையில் செய்த பணி ஒன்றுதான்: இந்தக் காட்டில் பெய்யும் மழையைப் பிடித்து வைத்தல். காடு இல்லையேல் தொட்டியும் இல்லை, அணையும் இல்லை. விடியற்காலையில் குழாயடியில் குடத்தை வரிசையாக வைத்துக் காத்து நின்ற நம் தாய்மார்களுக்கு நீரின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. வீட்டுக்குள் குழாய் வந்த பின் பிறந்த பிள்ளைகளுக்கோ அதனை எடுத்துரைத்தே ஆக வேண்டும். குழாயைத் திருப்பினால் வருவது நீர் அன்று. மழையும் மலையும் காடும் சேர்ந்து தரும் கொடை என்பதை அவர்கள் கண்ணால் காண வேண்டும். அதற்குக் கான்ஹேரியைவிட நல்ல பள்ளிக்கூடம் வேறில்லை.

மித்தி சொல்லும் பாடம்

விஹார் நிரம்பி வழியும் நீரும், அதனை அடுத்துள்ள பவாய் ஏரி வழியும் நீரும் சேர்ந்தே மித்தி ஆறாகின்றன. ஆரே, குர்லா வழியாக ஏறத்தாழ 18 கிலோமீட்டர் ஓடி அவ்வாறு எங்கே கடலை அடைகிறது? நம் தாராவியை ஒட்டி, மாஹிம் கழிமுகத்தில்! நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்து செல்லும் அந்தக் கரிய நீரோடையின் பிறந்தகம் சிறுத்தைகள் நீர் அருந்தும் காடு என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

2005-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாளை நம் குடியிருப்பில் எவரும் மறந்திருக்க இயலாது. அன்று சாந்தாக்ரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. மித்தி கரை மீறியது. குர்லாவும் சயானும் தாராவியும் நீரில் மூழ்கின. நகரில் நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தனர். விமான நிலையத்திற்காக ஆற்றின் போக்கு வளைக்கப்பட்டதும், கழிமுகத்துச் சதுப்பு நிலம் தூர்க்கப்பட்டுக் கட்டடங்கள் எழுந்ததும், கழிவு கொட்டி ஆறு குறுகியதும் அத்துயரைப் பெருக்கின என்பதை ஆய்ந்தோர் கூறினர். மேலே காடு மழையை உறிஞ்சிப் பையப் பைய விடுகிறது. கீழே சதுப்பு நிலம் வெள்ளத்தைத் தாங்கிக் கொள்கிறது. இவ்விரண்டில் எது குறைந்தாலும் முதலில் நனைவது தாழ்ந்த இடத்தில் வாழும் உழைப்பாளியின் அடுப்பங்கரையே. 2019 அக்டோபரில் மெட்ரோ பணிமனைக்காக ஆரேயில் ஈராயிரத்திற்கும் மேற்பட்ட மரங்கள் வெட்டப்பட்டபோது நகரமே கலங்கியதன் காரணம் இதுவே. இரயில் நமக்கு வேண்டும். காடும் நமக்கு வேண்டும். இரண்டையும் பெறும் வழி காண்பதே அறிவுடைமை.

நம்பிக்கைக்கும் இடமுண்டு. தாராவியை அடுத்து, மித்தியின் கரையில், நகரக் குப்பையைக் கொட்டிவந்த நிலத்தில் மரங்கள் நடப்பட்டு, 1994-இல் மகாராட்டிர இயற்கைப் பூங்கா திறக்கப்பட்டது. இன்று அங்கே பறவைகளும் வண்ணத்துப் பூச்சிகளும் வாழ்கின்றன. ஆற்றின் தலையில் இயற்கை வளர்த்த காடு; ஆற்றின் காலில் மனிதர் கையால் வளர்த்த காடு. இரண்டுக்கும் இடையே நாம் வாழ்கிறோம்.

செல்வோர்க்குச் சில சொற்கள்

அருவி அழகியது, ஆயின் அது விளையாட்டுப் பொருள் அன்று. 2024 மே மாதத்தில் பழைய குற்றாலத்தில் திடீரெனப் பெருகிய வெள்ளம் ஒரு சிறுவனைக் கொண்டு சென்றது. அடுத்த மாதமே லோணாவளாவின் புஷி அணையருகே ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஐவர் நீரோடு சென்றனர். மேலே மலையில் பெய்யும் மழை கீழே நிற்போருக்குத் தெரியாது. நீர் திடீரெனக் கலங்கிச் சிவந்தாலும், இரைச்சல் மிகுந்தாலும், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலும் உடனே கரையேறிவிட வேண்டும். பாசி படர்ந்த பாறையில் ஏறுதல் கூடாது. காவலர் தடுத்த இடத்திற்கு அப்பால் ஓரடியும் வைத்தல் கூடாது. திங்கட்கிழமைகளில் பூங்கா மூடியிருக்கும். மற்ற நாட்களில் அதிகாலையில் சென்று, பொழுது சாயுமுன் திரும்பிவிடுதல் நலம். அந்திக்குப் பின் காடு விலங்குகளுக்கு உரியது.

கொண்டு சென்ற சோற்றை உண்டபின் இலையையும் தாளையும் பிளாஸ்டிக் பையையும் அங்கேயே எறிந்துவிட்டு வருதல் பெரும் பழியாகும். மலையில் நாம் எறியும் பை மழையோடு ஓடையில் இறங்கி ஆறுகளை அடைக்கிறது. ஆறு அடைபட்டால் வெள்ளம் யார் வாசலுக்கு வரும் என்பதை நாம் பட்டு அறிந்திருக்கிறோம்.

நம் குடியிருப்பின் இளைஞர்கள் ஆண்டுக்கு ஒருமுறையேனும் மழைக்காலத்து ஞாயிறு ஒன்றில் பத்துப் பதினைந்து குடும்பங்களைத் திரட்டி இம்மலைக்கு அழைத்துச் செல்லலாம். பாட்டிமார் குற்றாலத்துக் கதை சொல்லட்டும். பள்ளிப் பிள்ளைகள் நீர்த்தொட்டிகளை எண்ணிக் குறித்து வரட்டும். மராத்தி அறிந்தோர் லோகாண்டேயின் வரலாற்றைத் தமிழில் எடுத்துரைக்கட்டும். செலவு மிகுதியில்லை, பயனோ பெரிது.

ஓய்வு நாளைப் பெற்றுத் தந்தவர்கள் ஆலைத் தொழிலாளர்கள். நீரைச் சேர்க்கக் கற்றுத் தந்தவர்கள் பழந்துறவிகளும் பொற்கொல்லரும். காட்டைக் காத்துத் தந்தவர்கள் பழங்குடி மக்கள். இம்மூவரிடமும் நாம் கடன்பட்டிருக்கிறோம். அக்கடனை அவர்களுக்குத் திருப்பித் தர இயலாது. நம் பிள்ளைகளுக்குத்தான் தர இயலும். காடும் அருவியும் ஞாயிற்றுக்கிழமையும் குறைவின்றி அவர்கள் கைக்குச் சென்று சேருமாறு பார்த்துக் கொள்வது நம் தலைமுறையின் கடமையாகும்.